மச்சான் பிடித்த கயிறு

எங்கள் பள்ளிக்குப் பதியப் பெட்டி வந்தபோது அதை யாரும் எங்கள் தலையில் கட்டவில்லை. நாங்களே கேட்டு வாங்கினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாவம் மலைச்சனங்கள், யாரோ வந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று ‘உச்’ கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

பதியம் என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வருஷக்கணக்கில் பழகிய வேலையை அவர் மூளையிலிருந்து எடுத்து இன்னொருவர் மூளையில் ஊன்றுவது. சமவெளியில் பஸ் ஓட்டுவதற்கும் பல் பிடுங்குவதற்கும் அப்படித்தான் ஆள் தயாராகிறது. எங்களுக்குத் தேவைப்பட்டது தேன் எடுக்கிற வேலை.

ஈச்சங்கோம்பை ஊர்ப்பள்ளிக்கு நான்தான் தலைமை ஆசிரியை, பெயர் நாகி. என்ன கற்றுக்கொடுப்பது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். எங்களுக்குப் பரீட்சை சுவர்தான். பிள்ளை தான் கற்றதைப் பள்ளிச் சுவரில் வரையவேண்டும், வேங்கைப் பிசினிலும் அவரை இலைச் சாற்றிலும் கரியிலும். யாருடைய வேலையை வரைந்திருக்கிறதோ அந்த ஆள் வந்து பார்த்து ‘சரி’ என்றால் தேர்ச்சி. தப்பென்றால் அழிக்கமாட்டோம், பக்கத்திலேயே சரியாக வரையவேண்டும். அதனால் எங்கள் சுவரில் சரியான மான் ஒன்று இருந்தால் சரியில்லாத மான் நாலு இருக்கும்.

தேன் விஷயத்தில் மட்டும் இந்த முறை கைகொடுக்கவில்லை. மலைத்தேனீ குறைந்துபோனதால் ஊரே கூடித் தேன்பாறையை மூடியிருந்தது. தேனீ திரும்பி வந்து பாறையில் அடை தொங்க ஆரம்பித்தபோது, மூடிய காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் யாரும் பாறையில் கால் வைத்ததே இல்லை. இறங்கத் தெரிந்தவன் ஒரே ஆள்தான் மிச்சம். என் புருஷன் கெத்தன். எங்கள் ஊரில் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவன் இவன் என்றுதான் பேசுவோம். மரியாதைக் குறைச்சல் என்று நினைக்கவேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்து பெட்டியோடு வந்த பையன் அன்வர். நல்ல பையன், ஆனால் அட்டைக்குப் பயந்து நடு வெயிலிலும் ரப்பர் பூட்ஸைக் கழற்றமாட்டான். அவனிடம் ஊர்க்கூட்டம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. பிள்ளைகள் தலைக்குள் எது போவதானாலும் முதலில் டீச்சர் தலைக்குள் போகவேண்டும்.

“போடலாங்க. ஆனா ஒண்ணு டீச்சர், வேலை மட்டும் தனியா வராது” என்றான் அன்வர்.

“பின்னே?”

“தனியா அறிவுன்னு மூளையில எதுவும் இல்லீங்க. எல்லாம் நினைவுதான். அவர் கயித்தை எடுத்துட்டு வீட்டை விட்டுக் கிளம்புறதுலருந்து திரும்பி வர்ற வரைக்கும் எல்லா நாளும் வரும். அப்ப அவர் மனசுல என்ன இருந்துச்சோ அதுவும் சேர்ந்து வரும்.”

“அவன் மனசுல என்ன இருக்கப்போகுது, தேன்தான்” என்றேன்.

கெத்தனின் பதியத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மதியம் தூங்கி எழுந்தேன். எழுந்தபோது பாறையில் இறங்கத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் காற்றடித்தால் புகையை எப்படிப் பிடிக்கவேண்டும், அடையில் எந்தப் பாகத்தை ஈக்களுக்கு விட்டுவிட வேண்டும், எல்லாம் தெரிந்திருந்தது. கயிற்றில் தொங்கும்போது கெத்தனுக்குத் துளிப் பயமும் இல்லை. காரணம் மேலே கயிறு பிடித்திருப்பவன். என் அண்ணன் ஜோகி.

பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் கயிறு பிடிக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூடப் பிறந்தவன்கூடக் கோபத்தில் கயிற்றை விட்டுவிடலாம், தங்கச்சி விதவையாக எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. இறங்குகிறவன் பிடிக்கக் கூடாது, பிடிக்கிறவன் இறங்கக் கூடாது என்று இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்கு மட்டும் யாருக்கும் காரணம் தெரியாது.

கெத்தனின் மனதில் மச்சான் மேல் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னை அவன் அப்படி நினைத்ததில்லை.

அந்த நினைவுகளில் ஒரு நாளை நான் வேண்டுமென்றே தேடினேன். எங்கள் மகள் ரங்கி கைக்குழந்தையாக இருந்த காலம். முந்தைய நாள் இரவு கெத்தன் குடித்துவிட்டு வந்து என்னை அடித்தான். என்ன சண்டை என்பது முக்கியமில்லை, சொன்னால் சிரிப்பீர்கள். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் அடித்தான். ஆனால் என் இடது கண் வீங்கி மூடிக்கொள்கிற அளவுக்கு அடித்தான். கல்லில் விழுந்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் ‘சரி’ என்றான். அவன் நம்பிவிட்டான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கெத்தனின் நினைவில் அந்தக் காலை இருந்தது. அடுப்பு இருந்தது, கஞ்சி இருந்தது, கயிற்றை எடுக்கும்போது காலில் இடித்த உரல் இருந்தது. என் முகம் இல்லை. கஞ்சியை ஊற்றிக் கொடுத்த கை மட்டும் இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஒளிப்பானேன். ஆனால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு கெடுதலும் இல்லை. போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் வயது வந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். ரங்கியும் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்த கூத்து இருக்கிறதே. அத்தனை பேரும் என் அண்ணன் பின்னாலேயே சுற்றினார்கள். அவன் வெற்றிலை போட உட்கார்ந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தன் வாய் தவறி “மச்சான்” என்றே கூப்பிட்டுவிட்டான்.

“உனக்குக் குடுக்க என்கிட்டத் தங்கச்சி இல்லடா” என்றான் அண்ணன்.

சுவர்ப் பரீட்சை வைத்தபோது எல்லோரும் பேசி வைத்ததுபோல் ஒரே படத்தை வரைந்தார்கள். பாதிப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி ஒருவன் ஓய்வெடுக்கிறான். கையில் ஒரு துண்டு அடை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். கெத்தனின் நினைவிலேயே மிகவும் சுகமானது அதுதான். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். கயிறு ஏனோ பாதியில் நின்றுவிட்டது, மேலே எங்கோ சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, மச்சான் எடுத்துவிடுவான் என்று அவன் நிம்மதியாக அடையைச் சப்பிக்கொண்டு காத்திருந்தான். இருந்த நிம்மதியில் கயிற்றை இரண்டு தடவை இழுத்தும் விட்டான். ஒரு இழுப்பு என்றால் இறக்கு. மூன்று என்றால் தூக்கு. இரண்டு என்றால் நான் சுகமாக இருக்கிறேன்.

கெத்தன் வந்து பார்த்து மார்பை நிமிர்த்திக்கொண்டு “சரி” என்றான். அண்ணனும் வந்தான், படத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். தோள்பட்டை வலி என்று நினைத்தேன். மரத்திலிருந்து விழுந்து அவனுடைய வலது தோள் போயிருந்தது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கமுடியாது.

மாமாவின் அந்தத் தோளைப் பார்த்தபோதுதான் ரங்கிக்கு உறைத்தது. “ஏம்மா, இறங்க இத்தனை பேர் இருக்கோம். பிடிக்க யார் இருக்கா?”

ஊர்க்கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இறங்குவது வித்தை, பிடிப்பது வெறும் மச்சான் வேலை, கட்டிக்கொடுத்தால் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டோம். இப்படி ஒரு அசட்டுத்தனத்தை எங்களைத் தவிர யாராலும் செய்திருக்கமுடியாது. ரங்கிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்பிள்ளை இறங்கினால் யார் பிடிப்பது என்று வழக்கத்திலும் பதில் இல்லை. அவளோ இந்தப் பருவத்திலேயே முதல் ஆளாக இறங்குவேன் என்று நின்றாள். தகப்பனின் தைரியம் முழுசாக அவள் தலையில் இருந்தது. தடுத்தால் யாராவது ஒரு சினேகிதியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள்.

அதனால் அண்ணனின் நினைவையும் எடுத்தோம். முதலில் தலையை ஆட்டி மறுத்தான், பிறகு மருமகள் ரங்கிக்காக ஒத்துக்கொண்டான். அன்று மாலையே நான் அதைப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாள் அதிலும் இருந்தது. அண்ணன் கயிறு பிடிக்கப் போவதற்காக எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறான். நான் முகத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டு கல்லில் விழுந்த கதையைச் சொல்கிறேன். அவன் ஒரு நொடியும் அதை நம்பவில்லை. என் முகத்தை அவன் பார்த்த மாதிரி நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. பிறகு பாறை. கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முனையைக் கையில் பிடித்துக் கெத்தனைப் பாதிவரை இறக்குகிறான். அங்கே கை நிற்கிறது. விட்டுவிடலாம் என்று நினைக்கிறான். கோபத்தில் இல்லை, ஆற அமர நினைக்கிறான். தங்கச்சி விதவையானால் நம் வீட்டுக்கு வந்துவிடுவாள், குழந்தையை நாம் வளர்த்துக்கொள்ளலாம். எந்தத் தங்கச்சிக்காக விடமாட்டான் என்று வழக்கம் அவனை அங்கே நிறுத்தியதோ, அந்தத் தங்கச்சிக்காகவே விடப்பார்த்தான். விரல் ஒவ்வொன்றாகத் தளர்கிறது. அப்போது கயிற்றில் இரண்டு இழுப்பு வந்தது.

சுகமாக இருக்கிறேன் என்று சொல்கிறவனை அவனால் விடமுடியவில்லை. முனையை இழுத்துப்போய் மரத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றினான். அதற்குப் பிறகு கயிறு பிடித்த ஒவ்வொரு நாளும் இரண்டு சுற்றுத்தான். ஜோகி ரொம்பப் பத்திரமான ஆள் என்று ஊரே சொல்லும். தன் கையை நம்பாமல்தான் அவன் சுற்றினான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து வெளியே வந்தேன். பள்ளி வாசலில் பிள்ளைகள் ஏறிப் பழகுகிற பலாமரம் இருக்கிறது. சும்மா ஏறிப்பார்க்கலாம் என்று கை வைத்தேன். முதல் கிளையைக்கூட எட்டமுடியவில்லை, விழுந்துவிடுவேன் என்று பயந்து இறங்கிவிட்டேன். கயிற்றின் இரண்டு முனையையும் தெரிந்துகொண்டவளால் பாறையில் இறங்கமுடியாது. அந்தக் காரணம் தெரியாத வழக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

மறுநாள் அண்ணனிடம் போனேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“அந்த நாளை மட்டும் எடுத்துடச் சொல்லு நாகி. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.”

“நீ ஒண்ணும் செய்யலையேண்ணா.”

“செய்யலே. ஆனா நெனச்சேன்.” அவன் அழுதான். அண்ணன் அழுதால் சத்தம் வராது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, தாடை மட்டும் ஆட அழுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கெத்தனிடமும் சொல்லவேண்டியிருந்தது. அவனுக்கு அரிசி களைந்துகொண்டே சொன்னேன், பாதியை மட்டும். “அண்ணனோட பதியத்துல நீ என்னை அடிச்ச நாள் இருக்கு. பிடிக்கப் பழகுற பிள்ளைகளுக்கெல்லாம் அது போகும்.”

“ஒரு தடவைதானே” என்றான் கெத்தன்.

“ஒரு தடவைதான்.”

“அதை மட்டும் வெட்டிடச் சொல்லு. ரங்கிக்கு நானே பிடிக்கிறேன். என்னோட பிள்ளைக்கு நான் பிடிக்காம யார் பிடிப்பா?”

அன்வருக்கு வெட்டுவது பெரிய வேலையில்லை. “சினிமாவுல ஒரு சீனை எடுக்கிற மாதிரிதாங்க” என்றான். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது வெட்டுப்பட்டுப் போனால் நல்லது என்று எனக்கும் இருந்தது. தலைமை ஆசிரியையின் வீங்கிய முகத்தை ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் ஏன் பார்க்கவேண்டும்?

வெட்டிய பதியத்தைக் கெத்தன் போட்டுக்கொண்டான். அடுத்த நாள் காலை ரங்கியின் எடைக்கு ஒரு மூட்டை மணலைக் கட்டிப் பலாமரத்திலிருந்து இறக்கிப் பார்த்தோம். கெத்தன் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினான். கை லாவகமாகத்தான் இருந்தது. இறக்கிக்கொண்டே அன்வரிடம் பூட்ஸ் எங்கே வாங்கினாய் என்று விசாரித்தான். பாதியில் கயிறு லேசாக வழுக்கியது. பிடிப்பதற்குள் கை எரிந்து விட்டுவிட்டான். மூட்டை தரையில் விழுந்து வெடித்து மணல் ரங்கியின் காலடிவரை வந்தது.

ரங்கி மணலைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதும் பயம் வரவில்லை. மச்சான் இருக்கும்போது என்ன பயம் என்பது அவள் தலைக்குள் ஊன்றியிருந்தது. அவளுடைய அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கெத்தன் வெந்த கையை ஊதிக்கொண்டு மரத்தையே பார்த்தான். “மச்சான் ரெண்டு சுத்துல்ல சுத்துவாரு. எனக்கு ஏன் தோணவேயில்ல?”

“அண்ணனும் ஒரு சுத்துதான் சுத்திட்டிருந்தான். ரெண்டாவது சுத்து அந்த நாள்லருந்துதான்” என்றேன்.

அன்வர் தலையைச் சொறிந்தான். “அந்த நாளை எடுத்ததுமே அதுக்கப்புறம் வர்ற ரெண்டு சுத்தும் வெறும் பழக்கமாப் போயிருச்சுங்க டீச்சர். ஏன் சுத்துறோம்னு காரணம் இல்லாததை மூளை வச்சுக்காது.”

“ஏன் சுத்தினாரு?” என்று கெத்தன் என்னைக் கேட்டான்.

“சொன்னா வராது. போட்டுக்கிட்டாத்தான் தெரியும். போட்டுக்கிட்டா நீ இனிமே பாறையில இறங்கமாட்ட.”

கெத்தனுக்குப் பாறை என்றால் உயிர். தேனீ திரும்பிவிட்டது என்று தெரிந்த நாளில் சின்னப்பிள்ளை மாதிரி ஊர் முழுக்க ஓடிச் சொன்னவன். அவன் ரங்கியைப் பார்த்தான். அவள் கொட்டிய மணலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“முழுசாப் போடு” என்றான்.

அண்ணனிடம் கேட்டோம். மருமகள் பெயரைச் சொன்னதும் ‘உம்’ என்றான். அன்வர் பெட்டியைத் திறந்தான். கெத்தன் பள்ளிப் பாயில் படுத்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்ததும் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் என்னைக் கொல்லப் பார்த்தானா என்று கேட்பான். அதற்குப் பதிலைத் தயார்செய்து வைத்திருந்தேன். விடவில்லையே, கடைசியில் பிடித்துத்தானே நின்றான் என்று சொல்லலாம். அவர்கள் இருவரும் இனிப் பேசிக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவன் கண் விழித்தான். கூரையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். அங்கிருந்து பார்வை நகரவில்லை.

“இடது கண்ணு” என்றான். “மூடியே போயிருந்துச்சு. கன்னமெல்லாம் கறுத்து. நாகி, அன்னைக்கு நான் உன் கையில கஞ்சி வாங்கிக் குடிச்சேனே. எதிர்லதானே நின்ன. எனக்கு ஏன் இது தெரியல?”

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தயார்செய்து வைத்திருந்த பதில் எதுவும் உதவவில்லை.

“நீ பார்க்கலே” என்றேன். “பாத்திரத்தைத்தான் பார்த்த.”

“வலிச்சுதா?”

“வலிச்சுதுதான். ரொம்ப நாள் வலிச்சுது.”

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவன் எழுந்து உட்கார்ந்து அழுதான். கெத்தன் அழுது நான் பார்த்திருக்கிறேன். அவன் அம்மா செத்தபோது ஊரைக் கூட்டி வாய்விட்டுக் கதறினான். இப்போது சத்தமே வரவில்லை. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டான். தாடை மட்டும் ஆடியது.

இவன் செய்ததற்கு இவன் வருந்துகிறானா, இல்லை என் அண்ணன் எனக்காகப் பட்ட துக்கம் இவன் முகத்தில் வந்து அழுகிறதா? இத்தனை வருஷம் நான் எதிர்பார்த்திருந்த அழுகை என் முன்னால் நடந்தது, அது யாருடையது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்வர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மெதுவாக வெளியே போய்விட்டான்.

பிடிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் முழுசாகவே போடு என்று கெத்தன்தான் சொன்னான். போட்டோம். போட்டுக்கொண்டு எழுந்த பிள்ளைகள் சில நாள் அவனைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

பருவம் வந்தது. பாறைத் தலையில் நாங்கள் நாலு பேர். ரங்கி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி விளிம்புக்குப் போனாள். அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தான். கெத்தன் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான், இன்னொரு சுற்றும் சுற்றினான், இழுத்துப் பார்த்தான். விளிம்புப் பக்கம் அவனால் எட்டிக்கூடப் பார்க்கமுடியவில்லை. முதுகைக் காட்டித்தான் நின்றான்.

நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். “அன்னைக்கு அழுதது நீயா, அண்ணனா?”

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தோன்றியிருந்தால் எளிதாகச் சொல்லியிருக்கலாம்.

“தெரியலே நாகி. நானும் உள்ளுக்குள்ள தேடித்தான் பாக்குறேன், பிரிக்க முடியல” என்றான். “அழுதது யாருன்னு தெரியலே. அடிச்சது நான்தான்.”

கயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. கெத்தன் வாயை மூடிக்கொண்டு மகளை இறக்க ஆரம்பித்தான்.